குட்டியூரைக் கொடுக்க மாட்டேன்

மார்ச் 2

குட்டி,

'அன்புள்ள' என்று தொடங்கி அடித்துவிட்டேன். எழுதினால் நடிக்கிறேன் என்பாய், எழுதாவிட்டால் திமிர் என்பாய். நீ கோபித்துக்கொண்டு அந்தப் பாலம் கட்டுகிற இடத்துக்குப் போய் நாலரை மாதம் ஆகிறது. இப்போது நான் எழுதுவது உறவு கொண்டாட இல்லை. எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும்.

உன் அண்ணன் கப்பலுக்குக் கிளம்பும்போது என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வீட்ல எதை வேணா மாத்திக்கோ. கம்ப்யூட்டர்ல இருக்கற என் ராஜ்ஜியத்தை மட்டும் தொடாதே." கல்யாணமாகி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அவர் என்னிடம் கேட்ட முதல் வாக்கு. கொடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் போர் விளையாட்டைத் திறந்துவிட்டேன். ஆட ஆசைப்பட்டு இல்லை. அவர் ஞாபகமாக இருந்தது, அவர் பார்த்துக்கொண்டிருந்த திரையை நானும் கொஞ்சம் பார்க்கலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். திறந்தால் கீபோர்டு முழுக்கத் தூசி. நான் பல்செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறவள், தூசியைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. ஸ்பிரிட் தொட்ட துணியால் அழுத்தித் துடைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அண்டை நாட்டுத் தூதர்கள் ஒவ்வொருவராக வந்து ஏதோ கேட்கிறார்கள், துணி எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

வடக்கே சிவப்புக் கொடிக்காரனோடு ஒரு சண்டை ஏற்கெனவே இருந்தது. துணி இன்னும் மூன்றைச் சேர்த்துவிட்டது. கிழக்கே நீலம், மேற்கே மஞ்சள், தெற்கே பச்சை. பயந்துபோய் மூடினேன். மூடும்போது கேட்டதற்கும் 'ஆம்' என்று அழுத்தித் தொலைத்ததில், பழைய ஆட்டம் போய் இதுவே பதிவாகிவிட்டது.

அவர் ஆகஸ்ட் நடுவில் வருகிறார். அதற்குள் அந்த ராஜ்ஜியம் நிமிர்ந்து நிற்க வேண்டும். இந்த ஆட்டத்தில் நீ அவரை எப்போதும் ஜெயிப்பாய் என்று அத்தை சொன்னார்கள். ஆட்டத்தைப் பிளாப்பியில் நகலெடுத்து, அதை அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்புகிறேன். முடியாது என்றால் திருப்பி அனுப்பிவிடு.

இப்படிக்கு,
உன் அண்ணனின் மனைவி


மார்ச் 10

அண்ணனின் மனைவிக்கு,

உங்கள் துணியின் மகிமை எனக்குத் தெரியும். போன அக்டோபரில் நான் ஒரு வாரம் வெளியூர் போயிருந்தபோது என் அறையைச் சுத்தம் செய்தீர்கள். பன்னிரண்டு வயதிலிருந்து நான் கையால் வரைந்து வைத்திருந்த நாற்பத்தொரு வரைபடங்களைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டீர்கள். இல்லாத தேசங்களின் வரைபடங்கள்தான். ஆனால் நான் சர்வேயர் ஆனது அவற்றால். திரும்பி வந்து கேட்டபோது, "பூச்சி அரிச்சிருந்தது" என்றீர்கள். இதை ஒரு தடவை எழுதிவிட்டால் எனக்கு மனசு ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

பிளாப்பியை அப்படியே திருப்பி அனுப்பத்தான் கவரை எடுத்தேன். எப்படித்தான் இருக்கிறது பார்ப்போம் என்று சைட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டது என் தப்பு. ஐயோ, என்ன ஒரு அலங்கோலம்! சாப்பிட எடுத்த தட்டு ஆறிப்போய்விட்டது.

கேளுங்கள். ஒரு சுற்று என்பது ஒரு வருடம். நம் ஆரஞ்சுக் கொடிக்கு ஒன்பது ஊர், ஆறு படை. நாலு பேரோடும் சண்டை போட முடியாது. இரண்டு பேரைத் தடுத்து நிறுத்த வேண்டும், ஒருவனைச் சமாதானம் செய்ய வேண்டும், ஒருவனை அடிக்க வேண்டும். பத்துச் சுற்று நான் ஆடிவிட்டேன். தெற்குப் படையை ஆற்றுக்கு இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு, பச்சைக்காரன் தாண்டாதபடி மூன்று பாலங்களையும் உடைத்தேன். பாலம் கட்டிச் சம்பளம் வாங்குகிறவள் மதிய இடைவேளையில் செய்கிற வேலை இது. வடக்குக் கணவாயில் ஈட்டிப் படையை நிறுத்தியிருக்கிறேன். அதை யார் சொன்னாலும் நகர்த்தாதீர்கள்.

அடுத்த பத்துச் சுற்று நீங்கள் ஆடி அனுப்புங்கள். முழுக்க நானே ஆடினால் எனக்கு வேலை போய்விடும். எவனையும் தாக்காதீர்கள். துணியை அடுத்த அறையில் வையுங்கள்.

இதை உங்களுக்காகச் செய்யவில்லை. தோற்கிற ஆட்டத்தைப் பார்த்தால் எனக்குத் தாங்காது.

குட்டி


மார்ச் 19

குட்டி,

பத்துச் சுற்றும் ஆடி முடித்தேன். நாலு நாள் ஆனது. கிழக்குத் துறைமுகம் போய்விட்டது. நீலக்காரன் பன்னிரண்டு கப்பலோடு வந்தான், என்னிடம் இருந்தது ஒரு மீன்பிடிப் படகு. திட்டுவதானால் திட்டு.

ஆனால் ஒன்று செய்தேன். நீ ஈட்டிப் படையை நிறுத்திய கணவாய்க்குப் பக்கத்தில், இரண்டு மலைக்கு நடுவில் இன்னொரு சின்ன இடைவெளி இருக்கிறது. லேபில் நாளெல்லாம் நான் பார்ப்பது இடைவெளியைத்தான். ஒரு பல் போன இடத்தை அப்படியே விட்டால் இரண்டு பக்கத்துப் பல்லும் அங்கே சாய்ந்து வரும். அங்கே ஒரு கோட்டை கட்டினேன். மூன்றாவது சுற்றில் சிவப்புக்காரனின் குதிரைகள் அத்தனையும் நேராக அங்கேதான் வந்தன! முட்டி மோதிவிட்டுத் திரும்பிப் போயின. நான் கத்திய கத்தலில் அத்தை சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார்கள்.

இப்போது அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். "அந்த மஞ்சக்காரன் மூஞ்சியே சரியில்லை. சிரிக்கறான் பாரு, அவனை நம்பாதே" என்று ஒரே யோசனை.

ஊர்ப் பெயர்களைப் பார்த்தேன். தலைநகர் அம்மாபுரம். மேற்கு எல்லையில் உன் பெயரில் குட்டியூர். அவருடைய கப்பல் பெயரில் ஒன்று. பக்கத்து வீட்டு நாயின் பெயரில்கூட ஒரு ஊர் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கிய ஆட்டம், தெரியும். இருந்தாலும் நாய்க்கு இருக்கிறதே!

அண்ணனின் மனைவி


மார்ச் 28

அம்மாபுரத்துக் காவலருக்கு,

அந்தக் கோட்டையை நான் பார்க்கவே இல்லை. மலை இடைவெளியை அளந்து கோடு போடுவதுதான் என் தொழில், எனக்கே தெரியாமல் போயிருக்கிறது. நன்றாகவே செய்திருக்கிறீர்கள். இதை எழுத எனக்கு இரண்டு கப் டீ தேவைப்பட்டது.

இங்கே ஐந்து நாளாக மழை. மூன்றாவது தூணுக்கு கான்கிரீட் போட முடியவில்லை. தகரக் கூரையின் கீழே எல்லோரும் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். வரைபடம் போடுகிறவர் என் தோளுக்குப் பின்னால் வந்து திரையைப் பார்த்து, "இது எந்த ஆறு?" என்று கேட்டார். தெற்கு ஆறு என்றேன். "பாலம் எங்கே?" என்றார். உடைத்துவிட்டோம் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் அதிகம் பேசுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மஞ்சள்காரன் சமாதானத்துக்கு வந்திருக்கிறான். குட்டியூரைக் கொடுத்தால் மேற்கே சண்டை நிற்கும். கொடுத்துவிடுங்கள். அங்கே இருக்கிற படை கிழக்குக்குக் கிடைக்கும். கணக்குப்படி இதுதான் சரி. அவன் அடுத்த சுற்றுவரைதான் காத்திருப்பான், முதல் வேலையாக ஒப்புக்கொள்ளுங்கள்.

என் பெயர் வைத்த ஊர் என்று தயங்க வேண்டாம். அந்த வீட்டில் என் இடம் போவது எனக்குப் பழகிப்போன விஷயம்.

குட்டி


ஏப்ரல் 5

குட்டி,

கொடுக்க மாட்டேன்.

உன் கடைசி வரியை மூன்று தடவை படித்தேன். அப்புறம் போய் உட்கார்ந்து, மஞ்சள்காரனுக்கு 'இல்லை' என்று அழுத்தினேன். இந்தத் தடவை துணி இல்லை, என் விரல். அவன் பத்தாயிரம் பேரோடு வந்து குட்டியூரை வளைத்துக்கொண்டான். நாய் ஊரிலிருந்த படையைக்கூட அங்கே அனுப்பிவிட்டேன். இது முட்டாள்தனம் என்று எனக்குத் தெரியும், நீ சொல்ல வேண்டாம்.

அந்த வரைபடங்களில் பூச்சி இல்லை. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மங்கியிருந்தது. அன்றைக்கு நான் பொய் சொன்னேன். புதுசாக ஒரு வீட்டுக்குள் வந்திருக்கிறேன், எனக்கென்று எதுவும் இல்லை, எதையாவது செய்து இது என் வீடு என்று காட்ட வேண்டும் போல் இருந்தது. சுருட்டி வைத்திருந்ததைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போட்டிருக்க மாட்டேன். மறுநாளே பேப்பர்காரனைத் தேடிப் போனேன், லாரி ஏறிப்போய்விட்டது. நீ அழுததை நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். உள்ளே வர எனக்குத் தைரியம் வரவில்லை.

தப்பு என்னுடையது, குட்டி. மன்னித்துவிடு.

அதனால் ராஜ்ஜியமே போனாலும் சரி, உன் ஊரை நான் ஒருத்தனுக்கும் கொடுப்பதாக இல்லை. உன் அண்ணன் திட்டினால் திட்டட்டும்.

(யார் என்று எழுதுவது, தெரியவில்லை)


ஏப்ரல் 14

அண்ணி,

அண்ணி என்றே எழுதுங்கள்.

உங்களுக்குப் போர் செய்யத் தெரியவில்லை. ஒரு ஊருக்காக மூன்று ஊரைக் காலி செய்து வைத்திருக்கிறீர்கள். படைத் தளபதியாக இருந்தால் உங்களை அன்றைக்கே வேலையை விட்டுத் தூக்கியிருப்பார்கள். நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய், அங்கே யாரும் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து படித்தேன். எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. இந்த இரண்டையும் ஒரே பத்தியில் எழுதுவது சரியா என்று தெரியவில்லை, இருக்கட்டும்.

இனி குட்டியூரைக் கொடுக்காமல் ஜெயிக்க வழி தேட வேண்டும். தேடிவிட்டேன். நீலக்காரனுக்கு ஆசை அதிகம். எடுத்த துறைமுகத்தை நீயே வைத்துக்கொள், எங்கள் ஆறு வழியாக உன் கப்பல்கள் போய்வரலாம் என்று எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்ட கையோடு ஆற்றில் நுழைந்தான். அந்த ஆற்றின் மறுகரை யாருடையது? பச்சைக்காரனுடையது! இரண்டு பேரும் இப்போது ஒருவர் குடுமியை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் கரையில் நின்று வேடிக்கை பார்க்கலாம். பாலங்களையும் மறுபடி கட்டத் தொடங்கியாயிற்று.

ஆற்று முகத்துவாரத்தில் ஒரு புது ஊர் எழுப்பியிருக்கிறேன். மீன் நிறைய, உப்பு நிறைய. பெயர் அண்ணிப்பட்டினம். நாய் ஊரைவிடப் பெரியது.

குட்டி


ஏப்ரல் 23

குட்டி,

ஒரு அநியாயம் நடந்துவிட்டது. உன் கவர் வந்தபோது நான் லேபில் இருந்தேன். பிளாப்பி காணாமல் போய்விடக் கூடாது என்று அத்தை அதை எடுத்து, ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்கு இரண்டு காந்தம். பத்திரமாக இருக்கட்டுமாம்.

கம்ப்யூட்டரில் போட்டால் ஒன்றுமே இல்லை. அண்ணிப்பட்டினத்தை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை! காந்தம் பட்டால் உள்ளே இருப்பது அழிந்துபோகும் என்று சொன்னதும் அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. "நாலு பேர் படையெடுத்து வந்தும் பண்ண முடியாததை நான் ஒருத்தியே பண்ணிட்டேனே" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அவர்களே சிரிக்க ஆரம்பித்தார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் ஃப்ரிட்ஜ் மேல் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தோம். இந்த வீட்டில் நான் இப்படிச் சிரித்தது இதுதான் முதல் தடவை.

உன்னிடம் நகல் இருக்கிறதா? இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே.

அண்ணி


ஏப்ரல் 30

அண்ணி,

இருக்கிறது. இரண்டு பிளாப்பியாக அனுப்புகிறேன், ஒன்று அம்மா ஒட்டி வைக்க.

உங்கள் கடிதத்தைப் படித்து நான் சிரித்ததில் வரைபடக்காரர் எழுந்து வந்து என்னவென்று கேட்டார். சொன்னேன். இப்போது அவரும் நம் கட்சி. மஞ்சள்காரனின் தானியக் கிடங்கு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துக் கொடுத்தது அவர்தான். குட்டியூருக்கு வடமேற்கே, காட்டுக்குள். காகிதத்தில் வரைந்து, சிவப்பு வட்டம் போட்டு அனுப்புகிறேன். மீதி உங்கள் கையில்.

குட்டி


ஜூன் 8

குட்டி,

விழவில்லை! ஏழு சுற்று, ஏழு வருட முற்றுகை, குட்டியூர் விழவில்லை!

இடையில் ஒரு சுற்றில் மதில் உடைந்து, உள்ளே நானூறு பேர்தான் மிச்சம் என்று காட்டியது. அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு, "குடுத்துடாதே, குடுத்துடாதே" என்றார்கள். நாய் ஊர்ப் படையைக் காட்டு வழியாக அனுப்பி நீ வட்டம் போட்ட கிடங்கைக் கொளுத்தினேன். அடுத்த வருடமே பத்தாயிரம் பேரும் பசியோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். மஞ்சள்காரன் தூது அனுப்பினான், ஒரு ஊரும் கேட்காமல், இருபது வருடச் சமாதானத்துக்கு. அத்தை அவன் மூஞ்சியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "சரி, போனாப் போறான்" என்றார்கள். அதற்கப்புறம்தான் ஒப்புக்கொண்டேன்.

லேபில் அன்றைக்கு ஒரு பல்செட்டை நான் மெருகேற்றியதைப் பார்த்து, "என்னம்மா, பல்லு தானா சிரிக்குது?" என்றார் முதலாளி.

அண்ணி


ஜூன் 20

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு சைட் ஆபீஸில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். எங்கள் தூண் கான்கிரீட்டும் அதே வாரம் முடிந்தது. எதற்குக் கொண்டாடுகிறேன் என்று கேட்டவர்களுக்கு நான் உண்மையைச் சொல்லவில்லை.

நீலமும் பச்சையும் ஒன்றையொன்று கடித்துக் களைத்துப்போய் நம்மோடு கையெழுத்துப் போட்டுவிட்டன. இனி வடக்கே சிவப்புக்காரன் ஒருவன்தான். அண்ணன் வர இன்னும் எட்டு வாரம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பழைய ராஜ்ஜியம் ஒன்பது ஊர், இது பதின்மூன்று. துணி துடைத்ததில் தானாக வளர்ந்தது என்று சொல்ல முடியாது. என்ன சொல்லப் போகிறீர்கள்?

குட்டி


ஜூலை 24

குட்டி,

வந்துவிட்டார். மூன்று வாரம் முன்னாடியே, சொல்லாமல் கொள்ளாமல்!

நேற்று மாலை. உன் பிளாப்பியைப் போட்டு நான் வடக்குப் படைகளை நகர்த்திக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் அத்தை. முதுகுக்குப் பின்னால் பெட்டி வைக்கிற சத்தம். திரும்பினால் அவர் நிற்கிறார், கறுத்து, இளைத்து, வாயைத் திறந்துகொண்டு. நான் எழுந்திருக்கக்கூட இல்லை. எல்லாவற்றையும் உட்கார்ந்தபடியே, மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன். தூசி, துணி, நாலு போர், நீ, குட்டியூர், ஃப்ரிட்ஜ். கடைசியில், "நீங்க கேட்ட முதல் வாக்கையே நான் காப்பாத்தலை" என்றேன்.

அவர் கிட்டே வந்து திரையைக் குனிந்து பார்த்தார். பிறகு கேட்டார், "வடக்கு எல்லை எப்படி நிக்குது? அந்த இடைவெளி?"

"கோட்டை கட்டினேன்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. பார்த்தா தெரிஞ்சுது."

அப்படியே கட்டில் மேல் உட்கார்ந்துவிட்டார். "நான் போகும்போதே அது தோத்த ஆட்டம்தான்" என்றார். "பதினஞ்சு சுற்றுக்குள்ள சிவப்புக்காரன் உள்ள வந்திருப்பான். எவ்வளவோ யோசிச்சும் எனக்கு வழி தெரியலை. கப்பல்ல எல்லார்கிட்டயும் நான் தோத்ததே இல்லைன்னு பீத்திக்கிட்டு இருக்கேன். நீ பார்த்தா தெரிஞ்சிடுமேன்னு வெட்கமா இருந்துச்சு. அதான் தொடாதேன்னேன்."

ஐந்து மாதம், குட்டி! ஐந்து மாதமாக நான் இந்த மனுஷனுக்குப் பயந்துகொண்டிருந்தேன்! எனக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, பிறகு மனசு அப்படி லேசாகிவிட்டது. அத்தைதான் முதலில் சிரித்தது.

கொஞ்ச நேரத்தில் மெதுவாக என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, "கொஞ்சம் நகரேன். நான் ஒரு சுற்று ஆடறேன்" என்றார்.

"முடியாது" என்றேன். "நான் என் பத்தை முடிக்கணும். அதுக்கப்புறம் குட்டியோட முறை. வேணும்னா நின்னு பாருங்க."

நின்றார். இரண்டு மணி நேரம், கப்பல் சட்டையைக்கூட மாற்றாமல். "அங்க வில்லாளியை வைக்கலாமே" என்று ஒரு தடவை வாயைத் திறந்தார், அத்தை ஒரு பார்வை பார்த்தார்கள், மூடிக்கொண்டார்.

பிளாப்பி உள்ளே இருக்கிறது. சிவப்புக்காரனின் தலைநகருக்கு நாலு சுற்றுத் தூரம். கடைசி அடியை நீதான் அடிக்க வேண்டும் என்று நிறுத்தியிருக்கிறேன்.

அண்ணி


ஜூலை 31

அன்புள்ள அண்ணி,

இந்தக் கவரில் பிளாப்பி இல்லை. தேடாதீர்கள், அம்மாவின் ஃப்ரிட்ஜையும் சந்தேகப்படாதீர்கள்.

என் பத்துச் சுற்றை நான் ஆடவில்லை. போட்டேன், தலைநகர் தெரிந்தது, படைகள் தயாராக நின்றன, ஒரு விரல் அழுத்தினால் போதும். பக்கத்தில் கத்துவதற்கு ஆள் இல்லை. வரைபடக்காரர் இருக்கிறார்தான், ஆனால் அவர் கைதட்டுகிற ரகம். எடுத்துப் பையில் வைத்துவிட்டேன்.

பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை மாலை ரயில். என் அறையைப் பற்றி நீங்களும் அம்மாவும் கூடிப் பேசிக் கவலைப்படுவீர்கள் என்று தெரியும். அறை வேண்டாம், எங்கே வேண்டுமானாலும் படுத்துக்கொள்வேன். கம்ப்யூட்டருக்கு முன்னால் உங்கள் நாற்காலியை ஒட்டி எனக்கு ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். அம்மாவுக்கு ஒன்று.

அண்ணன் நின்று பார்க்கட்டும்.

உங்கள்
குட்டி